மாத்திரைக்கு வலிக்கிற இடம் தெரியாது

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போகும்போது அடிக்கடி நடப்பது இது. அடிவாரம் வரை ஒன்றும் தெரியாது. முதல் இரண்டு மூன்று கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் யாருக்காவது வயிற்றைப் புரட்டும். கைப்பையைத் துழாவி, வாந்தியைத் தடுக்கும் அவோமின் மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். மொத்தம் 20 வளைவு. முக்கால்வாசி இன்னும் பாக்கி. நாலைந்து வளைவுக்குள் மாத்திரையும் சேர்ந்து ஜன்னல் வழியே போய்விடும். "இதெல்லாம் நமக்குக் கேட்காதுப்பா" என்று தீர்ப்பும் வந்துவிடும்.

மாத்திரை மேல் தப்பில்லை. குமட்டல் வந்துவிட்டால் இரைப்பை மந்தமாகிவிடும்; உள்ளே இருப்பதைக் குடலுக்குத் தள்ளாமல் வைத்துக்கொள்ளும். மாத்திரை ரத்தத்தில் கலப்பதோ பெரும்பாலும் சிறுகுடலில். அங்கே போய்ச் சேராத மருந்து வயிற்றில் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதே மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, வீட்டிலேயே போட்டிருந்தால் அடிவாரம் வருவதற்குள் அது ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

மருந்தும் அதேதான், அளவும் அதேதான். நேரம் மாறியதில் பலன் மாறிவிட்டது. மருந்து உடம்பை என்ன செய்கிறது என்றுதான் நாம் எப்போதும் கேட்கிறோம். உடம்பு மருந்தை என்ன செய்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் தடித்தடியான புத்தகம் வைத்துப் படிக்கிற மருந்தியல் என்ற துறை, அடிப்படையில் இந்த இரண்டு கேள்விகள்தான்.

வாயிலிருந்து ரத்தம் வரை

மாத்திரை என்று நாம் விழுங்குவதில் மருந்து கொஞ்சம்தான். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் பெரும்பாலும் 5 மில்லிகிராம். அதை மட்டும் தனியாகக் கொடுத்தால் விரல் நுனியில் ஒட்டுகிற தூசி அளவுதான் இருக்கும், எடுத்து விழுங்கவே முடியாது. அதனால் லாக்டோஸ், செல்லுலோஸ், ஸ்டார்ச் என்று சிலவற்றைச் சேர்த்துத்தான் வில்லையாக அழுத்துகிறார்கள். ஸ்டார்ச் என்றதும் சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசி ஆலையும் மரவள்ளிக்கிழங்கும் ஞாபகம் வரும். அந்த மாவுச்சத்தும், மக்காச்சோளத்திலிருந்தோ உருளைக்கிழங்கிலிருந்தோ எடுப்பதும் மாத்திரைக்குள் செய்கிற வேலை ஒன்றுதான்: ஈரமில்லாத வரை துகள்களைப் பிடித்து வைத்திருக்கும், தண்ணீர் பட்டதும் உப்பி மாத்திரையை உடைத்துவிடும்.

உடைந்த மருந்து கரைந்து, சிறுகுடலின் சுவரைக் கடந்து, மெல்லிய ரத்தக் குழாய்களுக்குள் நுழைகிறது. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போகிறது. நாம் சாப்பிட்டதில் என்னென்ன இருக்கிறதோ, எல்லாவற்றையும் கல்லீரல் ஒருமுறை பார்த்துச் சோதித்துத்தான் அனுப்பும். புதிதாக வந்த வேதிப்பொருள் நல்லெண்ணத்தோடு எழுதிக்கொடுத்த மருந்தா, விஷமா என்று அதற்குத் தெரியாது. முடிந்தவரை சிதைத்துவிடப் பார்க்கும். சில மருந்துகள் இந்த முதல் சோதனையிலேயே முக்கால்வாசி காலியாகிவிடும். படபடப்புக்குக் கொடுக்கும் ப்ரொப்ரனலால் என்ற மாத்திரையில் ஏறக்குறைய கால் பங்குதான் மிஞ்சி ரத்த ஓட்டத்துக்கு வருகிறது. இதைக் கணக்கில் வைத்துத்தான் மாத்திரையின் அளவையே தீர்மானிக்கிறார்கள்.

நெஞ்சுவலிக்காரர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் சார்பிட்ரேட்டை விழுங்காமல் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வதன் காரணமும் இதுதான். நாக்குக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் கல்லீரலுக்குப் போகாமல் நேரே இதயத்தை நோக்கிப் போகிற பாதையில் சேர்கின்றன. சில நிமிடங்களில் பலன் தெரியும். பதற்றத்தில் அதைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டால் நேரமும் போகிறது, மருந்தில் பெரும்பகுதியும் போகிறது.

இன்சுலின் கதை வேறு. அது ஒரு புரதம். விழுங்கினால் வயிறு அதைப் பருப்பையும் முட்டையையும் செரிப்பது போலச் செரித்துவிடும். அதனால்தான் ஊசி.

ஆனால் ஊசி என்றாலே உசத்தி என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. காய்ச்சலோடு போனால் "ஊசி போட்டுவிடுங்க டாக்டர், சீக்கிரம் கேட்கும்" என்று நாமே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். வாந்தி எடுக்காமல் விழுங்க முடிகிற ஒருவருக்கு பாராசிட்டமால் மாத்திரையில் பெரும்பகுதி ரத்தத்தில் சேர்ந்துவிடும், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உச்ச அளவைத் தொட்டுவிடும். மயங்கிக் கிடப்பவருக்கும், விழுங்க முடியாதவருக்கும், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க முடியாத நிலையில் இருப்பவருக்கும் ஊசி அவசியம். மற்றவர்களுக்கு அந்த அரை மணி நேர லாபத்துக்கு இடுப்பு வலிதான் கூலி.

தெரு முழுக்கப் போகும் மருந்து

ரத்தத்தில் கலந்த மருந்து எங்கே போகும்? எல்லா இடத்துக்கும். முட்டிவலிக்குப் போட்ட மாத்திரை முட்டியைத் தேடிப் போவதில்லை. ரத்தம் போகிற இடமெல்லாம் அதுவும் போகும்: காது மடல், கால் கட்டைவிரல், சிறுநீரகம், இரைப்பைச் சுவர், எல்லாம். அங்கங்கே வேலை செய்ய வாய்ப்பிருந்தால் செய்யும், இல்லாவிட்டால் சும்மா கடந்து போகும். முட்டியில் வீக்கத்தைக் குறைக்கிற அதே வேலையை இரைப்பைச் சுவரிலும் செய்வதால்தான் வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்குகின்றன.

பக்க விளைவு என்று தனியாக ஒன்று மருந்துக்குள் ஒளிந்திருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. நமக்கு வேண்டிய இடத்தில் நடந்தால் பலன், வேண்டாத இடத்தில் நடந்தால் பக்க விளைவு. அவோமினையே எடுத்துக்கொள்ளுங்கள். குமட்டலை அடக்க அது மூளையில் வேலை செய்கிறது. அதே மூளையில் விழிப்பைக் காக்கும் பகுதியையும் தொடுகிறது. எச்சில் சுரப்பையும் குறைக்கிறது. ஏரிக்கரையில் எல்லோரும் படகு சவாரிக்கு வரிசையில் நிற்க, மாத்திரை போட்டவர் மட்டும் வறண்ட வாயோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். "எங்கள் மருந்தில் பக்க விளைவே கிடையாது" என்று யாராவது விளம்பரம் செய்தால், அதில் விளைவே இல்லையோ என்று சந்தேகப்படுவதுதான் நியாயம்.

மூளைக்கு மட்டும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அங்குள்ள ரத்தக் குழாய்களின் சுவர் மிக நெருக்கமாக அடைத்துக் கட்டப்பட்டது. கொழுப்பில் எளிதாகக் கரையும் மருந்துகள் கடந்துவிடும், மற்றவை பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். தும்மலுக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பழைய மருந்துகள், உதாரணமாக அவில், மூளைக்குள் தாராளமாகப் போகும். தூக்கம் கண்ணைச் சொருகும். பின்னால் வந்த செட்ரிசின் குறைவாகப் போகும். அதற்கும் பின்னால் வந்த அலெக்ரா கிட்டத்தட்டப் போவதே இல்லை, போனதையும் அந்தச் சுவரே திருப்பி அனுப்பிவிடுகிறது. மூன்றும் தடுப்பது ஹிஸ்டமின் என்ற ஒரே பொருளைத்தான். மலைப்பாதையில் வண்டி ஓட்டப்போகிறவர் எதைப் போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது இதனால்தான் அவசியமாகிறது.

இடம் பிடிக்கும் துண்டு

எல்லா இடத்துக்கும் போகிற மருந்து சில இடங்களில் மட்டும் வேலை செய்வது ஏன்? இந்தக் கேள்வி நூறு வருடங்களுக்கு மேலாக விஞ்ஞானிகளைக் குடைந்திருக்கிறது. கேம்பிரிட்ஜில் இருந்த லாங்லி என்ற உடலியல் அறிஞர், நிக்கோட்டினையும் குராரே என்ற அம்பு விஷத்தையும் தசைகளில் சோதித்துப் பார்த்துவிட்டு, செல்களில் மருந்தை ஏற்றுக்கொள்கிற ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று 1905-ல் சொன்னார். கண்ணால் பார்த்துச் சொன்னதல்ல, ஊகித்துச் சொன்னது. ஊகம் சரியாக இருந்தது. அதைத்தான் இன்று ஏற்பி என்கிறோம். டாக்டர்கள் பேச்சில் ரிசெப்டார்.

ஏற்பி என்பது செல்லின் மேல் பரப்பிலோ உள்ளேயோ இருக்கும் ஒரு புரதம். உடம்பே தயாரிக்கும் சில பொருள்கள் வந்து அதில் பொருந்தினால் செல் ஒரு வேலையைத் தொடங்கும் அல்லது நிறுத்தும். மருந்துகள் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டில்தான் கைவைக்கின்றன.

விடுமுறை நாளில் ஏற்காடு போகும் பேருந்து மேடைக்கு வந்ததும் என்ன நடக்கும்? ஜன்னல் வழியாக ஒரு துண்டு உள்ளே விழும். சீட் பிடித்தாகிவிட்டது. துண்டு டிக்கெட் எடுக்காது, ஊர் போய்ச் சேராது, ஒரு வேலையும் செய்யாது. ஆனால் அது கிடக்கும் வரை உட்கார வேண்டியவர் உட்கார முடியாது. காபியில் இருக்கும் காஃபீன் அப்படிப்பட்ட ஒரு துண்டு. நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தன் ஏற்பியில் உட்கார்ந்தால் மூளைக்கு அசதி தெரியும், தூக்கம் வரும். காஃபீன் கிட்டத்தட்ட அடினோசின் போன்ற உருவத்தில் இருப்பதால் அந்தச் சீட்டில் போய் விழுந்துவிடுகிறது. அடினோசின் நின்றுகொண்டே இருக்கிறது. காபி நமக்குத் தெம்பு கொடுப்பதில்லை. களைப்புச் செய்தி வந்து சேராமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கதை அங்கே முடியவில்லை. தினம் தினம் துண்டு விழுந்துகொண்டே இருந்தால் உடம்பு சும்மா இருக்காது, கூடுதல் சீட் போட்டுவிடும். அதாவது அடினோசின் ஏற்பிகளின் எண்ணிக்கை கூடும். அதனால்தான் முன்பு ஒரு டம்ளரில் கிடைத்த சுறுசுறுப்புக்கு இப்போது இரண்டு டம்ளர் வேண்டியிருக்கிறது. திடீரென்று ஒருநாள் காபி இல்லை என்றால்? அத்தனை சீட்டும் காலி, அத்தனையிலும் அடினோசின் உட்காரும். தலையில் ரத்தக் குழாய்கள் விரிந்து தலைவலி மண்டையைப் பிளக்கும். விரத நாளில் வரும் தலைவலியைப் பசி மேல் பழி போடுகிறோம். காபிக்காரர்களுக்கு அது பெரும்பாலும் காபி இல்லாத தலைவலி. சாரிடான் போன்ற தலைவலி மாத்திரையில் காஃபீனையும் ஒரு சரக்காகச் சேர்த்திருப்பது சும்மா இல்லை.

ஏற்காட்டோடு இதற்கு ஒரு தொடர்பும் உண்டு. ஜெர்மனியில் ரூங்கே என்ற வேதியியலாளர் காபிக்கொட்டையிலிருந்து காஃபீனை முதன்முதலில் பிரித்தெடுத்தது 1819-ல். அதை ஒட்டிய 1820-களில்தான் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். இங்கே அதிகம் விளைவது அராபிகா. ரொபஸ்டாவோடு ஒப்பிட்டால் அதில் காஃபீன் ஏறக்குறைய பாதிதான். சிக்கரியில் காஃபீனே கிடையாது. ஆகவே "ஸ்ட்ராங் காபி" என்று கருப்பாக, கசப்பாக இருப்பதில் காஃபீனும் அதிகம் என்று சொல்லிவிட முடியாது.

துண்டு போல வெறுமனே மறித்துக்கொள்ளும் மருந்துகள் ஒரு பக்கம். நிஜப் பயணி போலவே உட்கார்ந்து வேலையையும் நடத்திவிடும் மருந்துகள் இன்னொரு பக்கம். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் இரண்டாவது வகை. அட்ரீனலின் உட்காரவேண்டிய ஏற்பியில் இது உட்கார்ந்து மூச்சுக்குழாயை விரிக்கிறது. ப்ரொப்ரனலால் முதல் வகை. அதே குடும்பத்து ஏற்பிகளை மறித்து இதயத் துடிப்பைத் தணிக்கிறது. இதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ப்ரொப்ரனலால் இதயத்தில் மட்டும் மறித்துவிட்டு நிற்பதில்லை, மூச்சுக்குழாயிலும் மறிக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆபத்து. "படபடப்புக்கு எனக்குக் கொடுத்த மாத்திரை நல்லா இருக்கு, நீயும் ஒண்ணு போட்டுப் பாரு" என்று பக்கத்து வீட்டுக்கு நீட்டுவது ஏன் கூடாது என்பதற்கு இந்த ஓர் உதாரணம் போதும்.

ஏற்பியே தேவைப்படாத மருந்துகளும் இருக்கின்றன. சேலத்தில் மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையமே உண்டு. ஊரை ஒட்டிய குன்றுகளில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லின் பெயர் அது. வேதியியலில் மெக்னீசியம் கார்பனேட். இங்கிருந்து போனது பெரும்பாலும் இரும்பு உருக்கும் உலைகளுக்கான செங்கல்லுக்குத்தான். ஆனால் சுத்தம் செய்த மெக்னீசியம் உப்புகள் நெஞ்செரிச்சலுக்கும் மருந்து. அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று பள்ளியில் படித்தோமே, வயிற்றுக்குள் நடப்பது அதே கணக்குதான். ஏற்பியும் இல்லை, உடம்பின் வேதிவினைகளை நடத்தும் நொதியும் இல்லை. மெக்னீசியம் மட்டும் இருந்தால் வயிறு இளகும், அலுமினியம் மட்டும் இருந்தால் மலம் கட்டும். கடையில் விற்கும் ரோஸ் நிற ஜெல்களில் இரண்டையும் கலந்திருப்பது இதைச் சரிக்கட்டத்தான்.

ஆஸ்பிரின் ஒரு நொதியை முடக்குகிறது. 1971-ல் ஜான் வேன் என்ற விஞ்ஞானி இதைக் காட்டினார். பென்சிலின் குடும்பம் பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டவிடாமல் செய்கிறது. நம் செல்லுக்கு அப்படிப்பட்ட சுவர் கிடையாது என்பதால் நமக்கு அதிகம் சேதமில்லை. வைரஸுக்கும் சுவர் கிடையாது. சாதாரண சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவது வீண் என்பதற்கு இதைவிட எளிய காரணம் தேவையில்லை.

பவர் என்ற குழப்பம்

மெடிக்கலில் நின்று கவனித்தால் "இதைவிட பவர் ஜாஸ்தியா ஒண்ணு குடுங்க" என்ற குரல் கேட்காத நாள் இருக்காது. அட்டையில் இருக்கும் எண்ணைத்தான் பவர் என்று நினைக்கிறோம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம். தைராய்டுக்கான தைராக்ஸின் 50 மைக்ரோகிராம். முதலாவது இரண்டாவதைவிட எடையில் 10,000 மடங்கு. அதனால் 10,000 மடங்கு வீரியம் என்று அர்த்தமா? இல்லை. தைராக்ஸின் மிகச் சிறிய அளவிலேயே ஏற்பியை அசைத்துவிடுகிறது, மெட்ஃபார்மினுக்கு நிறையத் தேவைப்படுகிறது. வெவ்வேறு மருந்துகளின் மில்லிகிராமை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரே மருந்துக்குள் ஒப்பிடும்போதுதான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

அங்கேயும் இரட்டிப்பு போட்டால் இரட்டிப்புப் பலன் என்ற கணக்கு ஓர் எல்லை வரைதான். ஏற்பிகளில் பெரும்பகுதி நிரம்பிவிட்டால் மேற்கொண்டு கொட்டும் மருந்துக்கு வேலை இல்லை. வேண்டிய இடத்தில் பலன் நின்றுவிட்டது. வேண்டாத இடங்களில் மட்டும் ஏறிக்கொண்டே போகும். பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சில மருந்துகளுக்கு அகலம், சிலவற்றுக்குக் குறுகல். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், இதயத்துக்கான டிஜாக்ஸின், மனநலத்துக்கான லித்தியம் போன்றவற்றுக்கு மிகக் குறுகல். அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை எழுதுவது அதனால்தான்.

பாராசிட்டமாலுக்கு இடைவெளி ஓரளவு அகலம். அந்தத் தைரியத்தில்தான் அது வீட்டு டப்பாவில் கிடக்கிறது. ஆனால் அகலம் என்றால் எல்லை இல்லை என்று பொருளல்ல. ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பதுதான் பொதுவான உச்சவரம்பு. 650 மாத்திரையில் ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் தினசரி குடிப்பவர்களுக்கும் வரம்பு இன்னும் கீழே. கல்லீரல் பாராசிட்டமாலைச் சிதைக்கும்போது ஒரு சிறு பகுதி நச்சுப்பொருளாக மாறுகிறது. குளுட்டத்தயோன் என்ற பொருள் அதை உடனுக்குடன் அடக்கிவிடும். அளவு மீறும்போது குளுட்டத்தயோன் கையிருப்பு தீர்ந்துபோய் நச்சு கல்லீரலையே தாக்குகிறது. முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் மோசம். அதிகம் போட்டுவிட்டதாகத் தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்; மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். இன்னொன்று: சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்புவலிக்கு ஒன்று என்று மூன்று அட்டையிலிருந்து பிய்த்துப் போடுகிறவர் ஒரே மருந்தை மூன்று தடவை விழுங்குகிறார்.

வெளியேறும் கணக்கு

உள்ளே வந்த மருந்தை உடம்பு விட்டுவைப்பதில்லை. கல்லீரல் அதை உருமாற்றித் தண்ணீரில் கரையும்படி செய்கிறது, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. பி-காம்ப்ளெக்ஸ் போட்ட அன்று சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவதைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. அதிலுள்ள பி2 வைட்டமினின் நிறம் அது, தேவைக்கு மேல் வந்ததைச் சிறுநீரகம் கொட்டிவிடுகிறது.

எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்பதை அரை ஆயுள் என்ற அளவால் சொல்வார்கள். ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய எடுத்துக்கொள்ளும் நேரம். காஃபீனுக்கு அது பெரியவர்களில் சராசரி 5 மணி நேரம். சாயந்திரம் 5 மணிக்குக் குடித்த காபியில் 80 மில்லிகிராம் காஃபீன் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு 40 மிச்சம். விடியற்காலை 3 மணிக்கும் 20 மிச்சம். மலையில் குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு காபி அடித்துவிட்டு, இடம் மாறியதால் தூக்கம் வரவில்லை என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

மருந்துச் சீட்டின் 1-0-1, 1-1-1 எல்லாம் பெரும்பாலும் இந்த அரை ஆயுளிலிருந்து பிறப்பவை. அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கின் அரை ஆயுள் ஒரு மணி நேரம் போல. ஆகவே நாளைக்கு மூன்று வேளை. அம்லோடிபினுக்கு 30 முதல் 50 மணி நேரம். ஆகவே ஒரு வேளை. தைராக்ஸினுக்கு ஏறக்குறைய ஏழு நாள்! ஒருநாள் மறந்தாலும் ரத்தத்தில் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் அளவை மாற்றினால் அதன் முழுப் பலனும் தெரியச் சில வாரங்கள் ஆகும், அதனால்தான் "ஆறு வாரம் கழித்து டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்கிறார்கள்.

தினமும் போடும் மருந்து ரத்தத்தில் ஒரு நிலையான அளவுக்கு வர நான்கைந்து அரை ஆயுள் பிடிக்கும். அம்லோடிபினுக்கு இது ஏறக்குறைய ஒரு வாரம். பிரஷர் மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாளே "இன்னும் குறையலையே" என்று வேறு டாக்டரைத் தேடிப் போகிறவர், மருந்துக்கு அவகாசமே கொடுக்கவில்லை. இந்தக் கட்டுரையில் ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருந்தால் போதும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இந்தக் கணக்கை ஏமாற்றும் மருந்துகளும் உண்டு. ஆஸ்பிரின் 20 நிமிடத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். ஆனால் அதற்குள் அது ரத்தத் தட்டணுக்களின் நொதியை நிரந்தரமாகக் கெடுத்துவிட்டுப் போகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை, புது நொதி தயாரிக்க வழியில்லை. அது தன் ஏழு முதல் பத்து நாள் ஆயுளை முடித்துப் புதியது வர வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்னால் "ஆஸ்பிரின் சாப்பிடுறீங்களா?" என்று கேட்பது இதற்குத்தான். நெஞ்செரிச்சலுக்கான பேன்டாப்ரசோலும் இதே ரகம்: ரத்தத்தில் ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஆனால் அமிலம் சுரக்கும் பம்புகளை முடக்கி வைத்துவிடுவதால் பலன் ஒரு நாளைத் தாண்டும். சாப்பாடு வரும்போதுதான் அந்தப் பம்புகள் ஓடத் தொடங்கும். ஓடும் பம்பைத்தான் மருந்தால் பிடிக்க முடியும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டபின் போட்டால் பாதி வீண்.

கூட வருபவை

தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போடுங்கள் என்பார்கள். நம் வீடுகளில் வெறும் வயிறு என்றால் காபி மட்டும் குடித்த வயிறு! காபி தைராக்ஸினைக் குடல் உறிஞ்சுவதைக் குறைக்கும் என்பது சோதித்துக் கண்ட விஷயம். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுத்திருந்து குடிப்பது நல்லது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் காபி, டீ இரண்டும் ஆகாது. சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகளைப் பாலோடு விழுங்கினால் பாலின் கால்சியம் அவற்றைக் கட்டிப்போட்டுவிடும். மேலே சொன்ன மெக்னீசியம் ஜெல்லும் அதையே செய்யும்.

கல்லீரலிலும் மோதல் நடக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் காஃபீனைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. அந்த மருந்து சாப்பிடும் நாட்களில் வழக்கமான காபியே படபடப்பு கொடுக்கலாம். சிகரெட் நேர் எதிர்: புகை அதே நொதியைப் பெருக்கிவிடும், காஃபீன் சீக்கிரம் காலியாகும். சேர்வராயன் எஸ்டேட்டுகளில் சில்வர் ஓக் மரத்தைப் பிடித்து ஏறும் மிளகுக் கொடியிலும் இப்படி ஒரு சங்கதி இருக்கிறது. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின், மருந்துகளைச் சிதைக்கும் சில நொதிகளை மந்தமாக்கக்கூடியது. மஞ்சளின் குர்குமின் ரத்தத்தில் சேர்வதையும் அது கூட்டும். ரசத்தில் போடும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். கேப்ஸ்யூலில் அடைத்து விற்கும் செறிவான சாறு என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

கடைசியாக, உடம்புக்கு உடம்பு வேறுபாடு. மெட்ஃபார்மினைக் கல்லீரல் சிதைப்பதே இல்லை, முழுக்கச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். வயதாகி அதன் வேகம் குறைந்தால் பழைய அளவே அதிகமாகிவிடும். சர்க்கரை நோயாளிக்கு வருடாவருடம் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்ப்பதில் பாதிக் காரணம் இது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் காஃபீனின் அரை ஆயுள் மும்மடங்கு வரை நீளும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இன்னும் நீளம். அந்தக் குழந்தைகளின் மூளை சில சமயம் மூச்சு விடுவதையே மறந்துவிடும்; அதற்கு உலகமெங்கும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் கொடுக்கும் மருந்து இதே காஃபீன்தான். பெரியவருக்கு 5 மணி நேரத்தில் பாதியாகிற பொருள், முதிராத அந்தக் கல்லீரலில் பாதியாக 100 மணி நேரம் போல ஆகிறது. அதனால் அவர்களுக்கு அதை நாளைக்கு ஒரே ஒரு வேளைதான் கொடுக்கிறார்கள்.